உள்ளிருந்து திறக்குமா?

என் நாத்தனாருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மனிதர்களை விடுங்கள், கதவையே நம்பமாட்டாள். குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்து, மாத்தளைக்குப் பக்கத்தில் இரத்தோட்டையில் எங்களோடு இருந்த அந்தக் காலத்தில், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கதவுக்குப் பின்பக்கம் எட்டிப் பார்ப்பாள். தாழ்ப்பாளை இழுத்து, தள்ளி, மறுபடியும் இழுத்துப் பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். கல்யாண வீடு, எழவு வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. ஒருமுறை கோயில் ஐயர் வீட்டிலும் இதையே செய்தாள். ஐயரம்மா என் காதோடு, “ஏங்க, ஒங்க நாத்தனா களவெடுக்கவா நோட்டம் பாக்குறாங்க?” என்று கேட்டுவிட்டார். என் மானம் போயிற்று.

வந்த முதல் வாரமே சமையலறைக் கத்தியின் முனையால் தன் அறைக் கதவின் வெளித் தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றினாள். அவள் அறை, அவள் பாடு என்று விட்டோம். அடுத்தது குளியலறைக் கதவு. அதற்கடுத்தது சாமான் அறை. ஒரு நாள் நான் கடைக்குப் போய்த் திரும்பினால் சமையலறையின் பின்கதவிலும் வெளித் தாழ்ப்பாள் இல்லை. எங்கள் பக்கத்துக் குரங்குகளுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பாண் ரொட்டியைத் தூக்கி, பப்பாசிப் பழத்தைக் கடித்து, பிழிந்து வைத்திருந்த தேங்காய்ப்பாலைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தன.

“ஒனக்கு என்னா பைத்தியமா?” என்று கத்தினேன்.

“கொரங்கு உள்ள வந்தா வெரட்டலாம் மதினி. உள்ள இருக்கிறவள வெளிய இருந்து பூட்டிட்டா யாரு தொறப்பா?”

“இந்த வீட்டுல ஒன்னைய யாரு பூட்டப் போறா?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீங்களாகவும் இருக்கலாம் என்று அந்தப் பார்வையில் எழுதி ஒட்டியிருந்தது. சோறு போடுகிறவளைப் பார்த்து இப்படி ஒரு பார்வை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஸ்ஸிலும் அதே கூத்துதான். உட்கார இடம் கிடைத்தால் முதலில் கண்ணாடியை நகர்த்திப் பார்ப்பாள். துருப்பிடித்து இறுகிப் போயிருந்தால் அந்த இடம் அவளுக்கு வேண்டாம். மாத்தளை வரைக்கும் நின்றுகொண்டே வருவாள். நான் உட்கார்ந்திருப்பேன், அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சனங்கள் என்னைத்தான் முறைப்பார்கள், நாத்தனாரை நிற்க வைத்துவிட்டு இந்த மகராசி உட்கார்ந்து வருகிறாளே என்று.

இத்தனையும் பொறுத்தேன். பொறுக்க முடியாமல் போனது அந்தப் போன் பேச்சு. பொழுது சாய்ந்தால் போனைத் தூக்கிக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போவாள். பேச்சு முழுக்க அரபு. தமிழில் பேசினால் எங்களுக்கு விளங்கும், சிங்களத்தில் பேசினாலும் விளங்கும். அரபுக்கு நாங்கள் எங்கே போவது? எங்களிடம் பல்லைக் காட்டாதவள் அந்தப் போனில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். நான் துணி எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். “அங்க எவனையாவது புடிச்சி வச்சிருக்காளோ?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் முகம் இருண்டுபோயிற்று. வீட்டில் கல்யாண வயதில் எங்கள் மகள் இருக்கிறாள். அத்தை பேர் கெட்டால் யார் பேர் கெடும்?

இப்படிப்பட்டவள் ஒரு நாள் பழைய டொல்பின் வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் நிறுத்தினாள். பக்கமெல்லாம் தகரம் மூடிய, சாமான் ஏற்றுகிற வேன். வாங்கியதும் அவள் காசில், ஓட்டி வந்ததும் அவளே. லைசன் எடுத்த கதையே எங்களுக்குத் தெரியாது. அதற்குள் கட்டில், அடுப்பு, சன்னல், கூரைத் திறப்பு எல்லாம் வைத்து, படுத்துத் தூங்கிப் பயணம் போகிற கேம்பர் வேனாக்கப் போகிறாளாம். சீகிரியாவுக்குத் தனியாக வருகிற வெள்ளைக்காரப் பெண்களைத் தானே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டப் போகிறாளாம்.

என் வீட்டுக்காரர் தம்புள்ளையில் மரக்கறி எடுத்து மாத்தளைக் கடைகளுக்குப் போடுகிறவர். வாடகை லொறிக்காரனோடு தினமும் மல்லுக்கட்டு. தகரம் மூடிய வேன் சொந்த முற்றத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவர் கண்ணுக்கு எந்த வெள்ளைக்காரியும் தெரியவில்லை. கோவா, கரட் மூட்டைதான் தெரிந்தது. அன்றைக்கே சாவியை வாங்கி எங்கள் அறை ஆணியில் மாட்டிக்கொண்டார், பத்திரமாக இருக்கட்டும் என்று.

“இங்க பாரு,” என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். “சன்னல் வெட்டாத வரைக்கும்தான் அது மரக்கறி வேன். பக்கத்துல கண்ணாடி வந்துட்டா மூட்ட அடுக்க ஏலாது. கூரைய வெட்டிட்டா மேல பாரம் போட ஏலாது. அவ கராஜுக்குப் போறப்ப நீயும் கூடப் போ. எதையாவது சொல்லி இழுத்தடி. கொஞ்ச நாள் போனா அவளே அலுத்துப் போய் விட்டுருவா. அப்புடியே யாரு கூடப் பேசுறான்னும் பாரு.”

கரும்பு தின்னக் கூலியா? அவளைக் கண்காணிக்க நான் ஏற்கனவே தயாராகத்தான் இருந்தேன். “தொணைக்கு நானும் வாறேன்” என்றதும் அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “வாங்க மதினி” என்றாள். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கராஜ் மாத்தளை டவுனுக்கு வெளியே. வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் மெக்கானிக் பாஸ், நாங்கள் அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவோம். பழைய பஸ்ஸிலும் வேனிலும் கழற்றிய கண்ணாடிகளை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த கேம்பர் வேன் சன்னல்களும் சில இருந்தன. இரட்டைத் தட்டு பிளாஸ்டிக், உள்பக்கம் நுளம்பு வலை. நானா ஒவ்வொன்றாகத் தூசி தட்டிக் காட்டுவார். என் நாத்தனார் எல்லாவற்றையும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

“இது உள்ளுக்கிருந்து தொறக்குமா நானா?”

“இது தொறக்காது தங்கச்சி. பசை போட்டு ஒட்டின கண்ணாடி. மழத் தண்ணி ஒரு சொட்டு உள்ளுக்கு வராது. பார்க்க வடிவா ஈக்கும்.”

“தொறக்காட்டி அது சன்னல் இல்ல நானா. போட்டோ.”

நானா தாடியைச் சொறிந்துகொண்டு அடுத்ததை எடுப்பார். அதைச் சட்டத்தோடு தூக்கிப் பிடிக்கச் சொல்லி, உள்பக்கமாக நின்று கொக்கியைக் கழற்றுவாள், மாட்டுவாள். ஒரு கையால் திறக்கிறதா, இருட்டில் தடவினால் கொக்கி கையில் படுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டுகூடப் பார்ப்பாள். கடையில் புடவை எடுப்பவர்கள் நிறம் பார்ப்பார்கள், கரை பார்ப்பார்கள். இவள் கொக்கியைப் பார்த்தாள்.

நான் என் வேலையைச் செய்தேன். சன்னல் வைத்தால் கள்ளன் வருவான் என்றேன். கள்ளன் வந்தால் மற்றச் சன்னலால் நாம் போகலாம் என்றாள். வெட்டின இடத்தில் துருப்பிடிக்கும் என்றேன். நானா முந்திக்கொண்டு, வெட்டின ஓரத்துக்குப் பெயின்ட் அடித்துத்தான் சட்டம் வைப்பேன் என்று கோபித்துக்கொண்டார். அடியில் தள்ளினால் வெளியே விரிகிற சன்னலை இரண்டு பக்கமும் கேட்டாள். அப்போது நானாவே எனக்குத் துணைக்கு வந்தார். “வலப்பக்கம் அது செரிவராது தங்கச்சி. மூட மறந்து ரோட்டுல எறங்கினா எதிர்ல வார லொறி பிச்சிக்கிட்டுப் போயிரும். அங்க இழுக்கிற கண்ணாடி போடுவோம்.” அவள் சரி என்றாள். இடப்பக்கம் விரிவது, வலப்பக்கம் இழுப்பது. நான் இழுத்தடிக்கப் போன இடத்தில் என் கண் முன்னாலேயே பாதி முடிவாகிவிட்டது.

கூரைதான் பெரிய வழக்கு. நானா சின்னதாக ஒரு கண்ணாடி காட்டினார், படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கலாம் என்றார். அவள் பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றை எடுத்து, நடுவில் சதுரமாக வெட்டி, தலைவழியாகப் போட்டுப் பார்த்தாள். தோள் இறங்கியது. பிறகு என்னிடம் திரும்பி, “நீங்களும் போட்டுப் பாருங்க மதினி” என்றாள்.

“நான் எதுக்குடி?”

“என்னைய மட்டும் கணக்குப் பார்த்தா எப்புடி? உள்ள யாரும் இருப்பாங்கல்ல.”

எனக்கு அது இடுப்போடு நின்றுவிட்டது. நானா மரியாதையாக மறுபக்கம் பார்த்துக்கொண்டார். அவள் அட்டையை இன்னும் அகலமாக வெட்டினாள். அது என் இடுப்பைத் தாண்டி இறங்கும்வரை வெட்டிக்கொண்டே இருந்தாள். அந்த அளவுக்குக் கூரைத் திறப்பு வேண்டும் என்றால் கூரையின் குறுக்குச் சட்டத்தில் ஒன்றை அறுத்து, சுற்றிப் புதுச் சட்டம் வைக்க வேண்டும் என்று நானா எச்சரித்தார். “அறுத்த பொறவு ஒரு மூட்டகூட மேல ஏத்த ஏலா. நல்லா யோசிச்சிச் சொல்லுங்க.”

“யோசிச்சாச்சு” என்றாள்.

அன்று புறப்படுமுன் வேனின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, கதவை வெளியிலிருந்து பூட்டச் சொன்னாள். நானா தயங்கினார். “பூட்டுங்க நானா, நான் தட்டினா தொறங்க” என்றாள். பூட்டினோம். மத்தியான வெயிலில் தகரம் கொதித்தது. உள்ளே சத்தமே இல்லை. நான்தான் பொறுக்காமல் கதவைத் தட்டினேன். நானா திறந்தபோது வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள். சன்னல் எங்கே வர வேண்டுமோ அங்கெல்லாம் சோக்கட்டியால் கட்டம் போட்டிருந்தாள். கட்டம் கொஞ்சமும் கோணவில்லை. தைரியம் என்பதா, கிறுக்கு என்பதா? நானா என்னைப் பார்த்தார், நான் நானாவைப் பார்த்தேன்.

அங்கேதான் போன் மர்மமும் வெளிச்சத்துக்கு வந்தது. கட்டங்களைக் காட்டுவதற்காக வீடியோவில் யாரையோ அழைத்தாள். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஆம்பளை இல்லை, ஒரு சிங்களப் பெண். குவைத்தில் அடுத்த வீட்டில் வேலை செய்தவளாம். இப்போது சீகிரியாவில் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறாளாம். ஆட்களை அனுப்பப் போவது அவள்தான். உனக்குச் சிங்களம் தெரிந்திருந்தும் எதற்கு அரபில் பேசுகிறாய் என்று கேட்டேன். “நீங்க ஒட்டுக் கேப்பீங்கன்னுதான்” என்றாள். எவ்வளவு நேர்மை பாருங்கள். நானாவிடம் அவள் என்ன பேசுகிறாள் என்று மெல்ல விசாரித்தேன். “எனக்குக் குர்ஆன் ஓதத்தான் ஏலும் தங்கச்சி, பேச்செல்லாம் வெளங்காது” என்று கையை விரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஆம்பளை யாரும் இல்லை என்பது என் வீட்டுக்காரருக்கு ஆறுதல்தான். ஆனால் குறுக்குச் சட்டத்தை அறுக்கப் போகிறாள் என்றதும் பதறிவிட்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் தங்கையிடம் பக்குவமாகப் பேசினார்.

“வெட்டுறதுன்னா நல்லா வெட்டு. ஆனா கூரைய தொறக்கிற காரியம். நேரம் பாக்காம செய்யக்கூடாதும்மா. நான் நாள் பாத்துச் சொல்றேன்.”

சொல்ல மறந்துவிட்டேன், அவருக்கு நேரம் பார்க்காமல் எதுவும் ஓடாது. சுவரில் நாள் காட்டியைக் கிழித்ததும் அன்றைய ராகு காலத்தை வாய்விட்டுப் படிப்பார். அந்த ஒன்றரை மணித்தியாலம் வீட்டுப் படியிறங்கமாட்டார். மகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலும் எமகண்டம் முடியும்வரை ஆட்டோவை வாசலில் காக்க வைத்தவர். அப்படிப் பார்த்துப் பார்த்து, அடுத்த மாதத்து வியாழக்கிழமை ஒன்றைக் குறித்துக் கொடுத்தார். “அதுக்குள்ள வேன் சும்மாதானே நிக்கும். ரெண்டு நட கோவா ஏத்திப் பாப்போம்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் ரசத்தை ஊற்றிப் பிசைந்தபடி, “சரிண்ணே” என்றாள்.

எதற்கும் சரி சொல்லாதவள். தாழ்ப்பாளுக்குக்கூடச் சரி சொல்லாதவள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. பக்கத்தில் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், “கண்ணாடிக்கு ரப்பர் வாங்க மாத்தளைக்குப் போறேன், வாறீங்களா?” என்று கேட்டாள். வேனுக்கும் எண்ணெய் பார்க்க வேண்டுமாம், சாவியைக் கேட்டாள். தம்புள்ளைச் சந்தையில் விடிய விடிய நின்றுவிட்டு வந்த என் வீட்டுக்காரர் அரைத் தூக்கத்தில் சாவியை எடுத்துக் கொடுத்தார். கராஜில் நானா நெற்றியில் கண்ணாடி, கையில் உறை, காலடியில் அறுக்கிற மிஷினோடு நின்றார். எனக்குச் சுரீர் என்றது. கொஞ்சம் தள்ளிப் போய்ப் போனை எடுத்தேன்.

“என்னாங்க, இங்க கூரைய வெட்டப் போறாங்க! வியாழக்கெழமையாவது மண்ணாவது, மிஷின் ரெடியா இருக்கு. ஓடி வாங்க!”

கட்டில் கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. “இன்னைக்கா? செவ்வாக்கெழம! மணி என்னா?”

“மூணு தாண்டிருச்சு.”

நாள் காட்டித் தாள் சரசரத்தது. பிறகு, “ராகு காலமாச்சே” என்றார். “இப்ப எறங்க ஏலாது. நாலரைக்கு முடிஞ்சதும் வாறேன். அது வரைக்கும் நீ எப்புடியாவது நிப்பாட்டி வை.”

“வண்டில ஓட்ட விழுந்திரும்ங்க!”

“ராகு காலத்துல வெட்டுனா வெளங்காதுன்னு அவகிட்ட சொல்லு” என்று வைத்துவிட்டார்.

திரும்பினால் அவள் எனக்குப் பின்னால் நிற்கிறாள். “எத்தன மணிக்கு வாறாராம் மதினி?”

“நாலரைக்கு அப்பறம்.”

“நானா,” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள், “நாலரைக்குள்ள கூரை முடியுமா?”

“கூரை முடியும் தங்கச்சி. பக்கக் கண்ணாடி பொறவு.”

மிஷின் தகரத்தில் இறங்கியது. பல்லெல்லாம் கூசுகிற சத்தம். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. “ஏண்டி, வேணுமின்னே இந்த நேரத்தப் பாத்தியா?”

“அண்ணன் நேரம் பாத்தாரு. நானும் பாத்தேன்.”

“அப்ப என்னைய எதுக்குக் கூட்டிக்கிட்டு வந்த? நான் போன் போடுவேன்னு தெரியாதா?”

“போடணும்னுதான் கூட்டிக்கிட்டு வந்தேன். சொல்லாம வெட்டியிருந்தா திருட்டுத்தனம்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. இப்ப சொல்லியாச்சு. இரத்தோட்டையில இருந்து அரை மணித்தியாலம். வரணும்னு நெனச்சா வந்திரலாம்.”

மிஷின் நின்றது. நானா குறுக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேனைப் பார்த்தபடியே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“குவைத்துல அந்த வீட்டுக்காரங்க வெளிய போறப்ப என்னைய சாமான் ரூம்ல வச்சிப் பூட்டிட்டுப் போவாங்க மதினி. சன்னல் இல்ல. ஒரு ஆடி மாசம் அந்த அடுத்த வீட்டுப் புள்ள போன் ஒண்ணு ஒளிச்சிக் குடுத்துச்சு. அண்ணனுக்கு எடுத்தேன். என்னைய அனுப்புன ஏஜென்சிக்காரன்கிட்ட போய்ச் சொல்லுங்க, என்னைய எப்புடியாவது கூப்பிட்டு எடுங்கன்னேன். ஆடியில எந்தக் காரியமும் தொடங்கக்கூடாதும்மா, ஆவணி பொறந்ததும் போறேன்னாரு. ஆவணிக்கு முந்தியே போனைக் கண்டுபுடிச்சிப் புடுங்கிட்டாங்க. ஒப்பந்தம் முடியிற வரைக்கும் அந்த ரூம்தான். அண்ணன் ஏஜென்சிக்குப் போனாரா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேக்கப் பயமா இருக்கு. இல்லன்னு சொல்லிட்டா, அதுக்கப்பறம் அந்த வீட்டுல நான் எப்புடிச் சோறு திங்கிறது?”

அந்த ஆடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் நின்று போன் பேசிவிட்டு வந்தவரிடம் யார் என்று கேட்டேன். “தங்கச்சி எடுத்தா, நல்லா இருக்காளாம்” என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். இத்தனை வருஷமாக அவரோடு ஒரே பாயில் படுத்து எழுந்தவள் நான். இவளைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வெட்டின கூரைத் துண்டை நானா கீழே இறக்கி வைத்தார். அவள் உள்ளே ஏறி, ஓரத்தில் கை கிழியாமல் துணி போட்டு, திறப்பு வழியாக மேலே எழும்பினாள். தலை, தோள், இடுப்பு. மாத்தளை மலையெல்லாம் தன்னுடையது என்பதுபோல ஒரு சுற்றுப் பார்த்தாள். போன் இல்லாமல் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஐந்து மணி வாக்கில் ஆட்டோ வந்து நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கும்போதே சத்தம் போட்டுக்கொண்டு இறங்கினார். “யாரைக் கேட்டு வெட்டுன? நான் ஒருத்தன் வீட்டுல இருக்கேன்ல! நாள் குறிச்சிக் குடுத்தேன்ல!” தரையில் கிடந்த தகரத் துண்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். நானா மிஷினைத் துடைக்கப் போய்விட்டார். கூரைக்கு மேலே அவள் அசையாமல் நின்றாள். அந்தக் கேள்வியை அவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

“அந்த ஆடியில இவ ஒங்களுக்குப் போன் எடுத்தாளே, ஏஜென்சிக்குப் போகச் சொல்லி. ஆவணியில போனீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ராகு காலம் முடிஞ்சிருச்சிங்க,” என்றேன். “இப்ப சொல்லுங்க. போனீங்களா, இல்லையா?”